பழைய லோரியும் பழுது பார்த்த கைகளும்



மெர்லிமாவிலிருந்து சுங்கை ரம்பாய் வழியாக மூவாருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் நாள்தோறும் எத்தனையோ லோரிகள் ஓடுகின்றன. செம்பனைக் குலை ஏற்றியவை சில. மணலும் கல்லும் ஏற்றியவை சில. ஓடுகிற லோரியை யாரும் கவனிப்பதில்லை. நடுவழியில் நின்றுவிட்ட லோரியைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். நின்றதை ஓட வைத்தவர்களைப் பற்றியும், வயதான கனரக லோரிகளைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்து உயிர் கொடுத்தவர்களைப் பற்றியும் இன்று சற்றுப் பேசுவோம். அதுவும் நமது வரலாற்றில் ஒரு பகுதிதான்.

தோட்ட வரலாறு என்றவுடன் கப்பல், கங்காணி, லயம், பால் வாளி ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. லோரியையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரணம் எளியது. மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். அமோனியா கலந்தால் சற்றுத் தாங்கும், அவ்வளவே. செம்பனையும் அப்படித்தான். குலையை வெட்டி ஒரு நாளைக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். விடியற்காலையில் எழுந்து செய்த உழைப்பெல்லாம் ஒரு லோரி நேரத்துக்கு வருவதையும் வராததையும் பொறுத்திருந்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், ஆட்களைத் தூரத்து மலைக்காட்டுக்கு ஏற்றிச் சென்றதும், பல தோட்டங்களில் அதே லோரிதான்.

முதலில் மாட்டு வண்டிக் காலம். 1896ஆம் ஆண்டில் நமது மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். அந்நாளில் பாரம் சுமந்தது காளை மாடு. வண்டியோட்டிகளில் நம்மவர்கள் ஏராளம். மாட்டுக்கு லாடம் கட்டவும், அச்சுக்கு எண்ணெய் விடவும், சக்கரப் பட்டையைக் காய்ச்சி இறுக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் வண்டி வந்தபோது அந்தப் பழக்கம் வீணாகவில்லை. அச்சு சூடேறினால் ஆபத்து என்பதை வண்டியோட்டிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

1920களிலும் 1930களிலும் மோட்டார் லோரிகள் பெருகின. அமெரிக்காவின் போர்டும் செவர்லேயும் வந்தன. பிரிட்டனின் மோரிஸ் வந்தது. 1931இல் இங்கிலாந்தில் உற்பத்தியைத் தொடங்கிய பெட்போர்டு லோரியும் வந்து சேர்ந்தது. இந்தப் பெட்போர்டு பெயரைப் பிற்காலத்தில் தோட்டத்துச் சிறுவர்கள்கூட அறிந்திருந்தார்கள்.

அடுத்து வந்தது போர். நேயர்களே, நமது வட்டாரத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் ஆரம்பமாகிறது. 1941ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனைச் சேர்ந்த படைகள் மலாயாவுக்கு வந்தன. அவர்களுடைய ராணுவ மருத்துவமனை ஒன்று மலாக்கா நகரில் இயங்கியது. அவர்களோடு லோரிகளும், லோரிகளைப் பழுது பார்க்கும் படைப்பிரிவினரும் வந்தார்கள்.

1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் கடும் போர் மூண்டது. இந்தியப் படையினரும் ஆஸ்திரேலியரும் பக்ரியிலிருந்து பின்வாங்கியபோது, காயமுற்றவர்களை லோரிகளில் ஏற்றிக்கொண்டு பாரிட் சூலோங்கை நோக்கி நகர்ந்தார்கள். பாலத்தை ஜப்பானியர் முன்பே பிடித்துவிட்டனர். லோரிகள் நகர வழியில்லை. ஜனவரி 22ஆம் தேதி, தளபதி ஆண்டர்சன் பீரங்கிகளையும் வண்டிகளையும் அழித்துவிட்டு, நடக்கக் கூடியவர்களைச் சதுப்பு நிலத்தின் வழியே தப்பிக்கச் சொன்னார். நடக்க இயலாமல் பின்தங்கிய ஆஸ்திரேலியரும் இந்தியருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். லோரி என்பது வெறும் சரக்கு வண்டி அல்ல, அதில் மனித உயிர்களும் ஏறுகின்றன என்பதை நம் அண்டை மண்ணே கண்டது.

ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்கவில்லை. புதிய உதிரிப் பாகம் என்ற பேச்சே இல்லை. வண்டிகள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஓர் இரும்பு அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் எரியக் கூடிய வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். வண்டி ஓடும், ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். மேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ள நேரிடும். சாம்பலும் தாரும் உள்ளே புகுந்து எஞ்சினை அரித்துவிடும். அடுப்பைத் துலக்குவதும், வடிகட்டியைக் கழுவுவதும், வால்வுகளைச் சுரண்டுவதும் ஓயாத வேலையாயின. அந்த ஆண்டுகளில்தான் நம் தோட்டத்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரையில் பலரை ஏற்றிச் சென்றது லோரி. அந்த லோரியில் ஏறியவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர்.

போர் 1945இல் முடிந்தது. ராணுவத்துக்கு இனி வேண்டாத வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. போர்க்காலத்தில் இவை எவ்வளவு செய்யப்பட்டன என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். கனடா மட்டும் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்தது. அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லோரி 5 இலட்சத்துக்கும் அதிகம். பெட்போர்டு நிறுவனம் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் லோரிகள் செய்தது. சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்று கட்டப்பட்ட இவற்றில் பலவற்றுக்கு எல்லாச் சக்கரங்களிலும் இழுவை உண்டு. நமது காட்டுப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறு எது?

மரம் இறக்கும் தொழிலில் இந்தப் பழைய ராணுவ லோரிகள் புதுப் பிறவி எடுத்தன. பட்டறைக்காரர்கள் அவற்றைப் பிரித்து, சட்டத்தைப் பலப்படுத்தி, மரத்தைக் கட்டி இழுக்கும் கம்பி வடச் சுருளைப் பொருத்தி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்தார்கள். சீனர்கள் அதற்குச் 'சன் தாய் வோங்' என்று பெயர் வைத்தார்கள். மலை ராஜா என்று பொருள். கண்ணாடி இல்லை, கதவு இல்லை, அழகு இல்லை. ஆனால் வேறு எந்த வண்டியும் ஏற முடியாத மலையில் அது ஏறியது. உலகப் போருக்காகச் செய்த வண்டியின் எலும்பும் தசையும், போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் மலேசியக் காடுகளில் உழைத்துக்கொண்டிருந்தன.

இதே கதை அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. அந்த நாட்டின் நடுப்பகுதி செம்மண் பாலைவனம். ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான மைல். ரயில் பாதை பல இடங்களுக்கு இல்லை. 1934இல் அரசாங்கம் ஏ.இ.சி. நிறுவனத்தின் எட்டுச் சக்கரப் பெருவண்டி ஒன்றை வரவழைத்து, அதன் பின்னால் இழுவண்டிகளைப் பூட்டி, வடக்குப் பிரதேசத்தில் ஓட்டிப் பார்த்தது. போருக்குப் பிறகு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த கர்ட் ஜொஹான்சன் என்ற மெக்கானிக் இன்னும் ஒரு படி மேலே சென்றார். டாங்கிகளை ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட டயமண்ட் டி என்ற ராணுவ லோரியை வாங்கினார். முன்னே போகும் வண்டியின் தடத்திலேயே பின்னே வரும் வண்டிகளும் பிசகாமல் திரும்பும்படியான இழுவண்டிகளைத் தாமே வடிவமைத்துப் பூட்டினார். இன்று அந்நாட்டில் மாடுகளையும் எரிபொருளையும் இழுத்துச் செல்லும் 'ரோடு டிரெயின்' என்னும் சாலை ரயில்கள் அந்த வழியில் வளர்ந்தவையே.

பாலைவனத்தில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வராது. ஆகவே அங்கே ஓட்டுநர்தான் மெக்கானிக். உடைந்த ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் மரக்கட்டையை வைத்துக் கட்டுவதும், இரண்டு வண்டியைப் பிரித்து ஒன்றை உருவாக்குவதும் அவர்களுக்குச் சாதாரணம். கனடாவில் செய்த ராணுவ லோரிகளை அவர்கள் 'பிலிட்ஸ்' என்று செல்லமாக அழைத்தார்கள். பண்ணைகளில் அவை பல்லாண்டு உழைத்தன. ஆஸ்திரேலியர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. ஜொஹான்சனின் அந்தப் பழைய டயமண்ட் டி லோரியை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள சாலைப் போக்குவரத்துக் காட்சிசாலையில் பாதுகாத்து வைத்தார்கள். முதிய ஓட்டுநர்களின், மெக்கானிக்குகளின் பெயர்களைப் பதிந்து வைத்தார்கள். பழைய லோரிகளைப் புதுப்பிக்கும் சங்கங்கள் அங்கே பல உள்ளன. எண்ணெய்க் கறை படிந்த கையையும் அவர்கள் வரலாறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

நம் பக்கம் திரும்புவோம். லோரி பழுது பார்ப்பவரை இந்த நாட்டில் 'போமன்' என்கிறோம். மலாய்க்காரரும் 'போமென்' என்றே சொல்வர். மேற்பார்வையாளரைக் குறிக்கும் போர்மன் என்ற ஆங்கிலச் சொல் பட்டறைக்கு வந்து இப்படித் திரிந்தது. அந்தப் போமனின் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பார்த்தால் நாட்டு வரலாறே தெரியும்.

ஒரு கட்டு பிரிட்டிஷ் ஸ்பேனர். 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த மரை அளவின்படி செய்தவை. பழைய லேலண்ட், ஏ.இ.சி. போன்ற வண்டிகளுக்கு அவை வேண்டும். இன்னொரு கட்டு அமெரிக்க ஸ்பேனர், ஜி.எம்.சி., செவர்லே, போர்டு வண்டிகளுக்கு. இரண்டிலும் அரை அங்குலம் என்று எழுதியிருக்கும். ஆனால் இரண்டின் வாயும் ஒன்றல்ல. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதிய அளவு போல்ட்டின் தண்டைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பேனரில் எழுதியது போல்ட்டுத் தலையின் அகலத்தைக் குறிக்கும். மாற்றிப் போட்டால் தலை மழுங்கிவிடும். மூன்றாவது கட்டு, மில்லிமீட்டர் ஸ்பேனர். இசுசு, ஹினோ, நிசான் என்று ஜப்பானிய லோரிகள் பெருகிய பிறகு அது பெட்டிக்குள் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி, உலகப் போர், ஜப்பானிய வணிகம் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் கிடந்தன. அவற்றைக் கையாண்டவர் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவராகவும் இருக்கலாம்.

அவருடைய அறிவு எத்தகையது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். அக்காலச் செவர்லே எஞ்சினில் பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பேரிங் தனியாகக் கழற்றி மாற்றக் கூடியதல்ல. வெள்ளீயக் கலவையை உருக்கித் தண்டிலேயே வார்த்திருப்பார்கள். அது தேய்ந்தால் எஞ்சின் 'டொக் டொக்' என்று தட்டும். போமன் ஒரு நீண்ட மரக் குச்சியை எஞ்சின்மேல் ஒரு முனையும் காதருகே ஒரு முனையுமாக வைத்துக் கேட்பார். எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். அடிச் சட்டியை இறக்கி, பேரிங் மூடிக்கு இடையே வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்குவார். தட்டல் நிற்கும். மேலும் தேய்ந்துவிட்டால் பழைய உலோகத்தை உருக்கி எடுத்துப் புதிதாக வார்த்து, நீலச் சாயம் தடவிப் பார்த்து, படுகிற இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துவார். கூடுதலாக இறுக்கினால் பேரிங் உருகிவிடும். தளர்த்தினால் தண்டே முறியும். அந்த நடுவளவைக் கைதான் அறியும்.

பெட்ரோல் எஞ்சின்கள் எண்ணெயைக் குடித்துத் தள்ளியதால், பல லோரிகளின் எஞ்சினையே எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 1930களின் இறுதியில் பெர்கின்ஸ் நிறுவனம் கொண்டு வந்த பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் இதற்குப் பேர்போனது. அதன்பின் புதிய பாடம் ஒன்று வந்தது. டீசலுக்குத் தண்ணீரும் தூசியும் பரம விரோதி. தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும், வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், குழாயில் காற்றுப் புகுந்தால் அதை வெளியேற்றுவதும் அறியாதவர் டீசல் லோரியை வைத்துக் காலந்தள்ள முடியாது.

ஆனால், நேயர்களே, பெரிய பழுதைச் சரிசெய்வதைவிடச் சிறிய பராமரிப்பே பழைய லோரிக்கு ஆயுள் தருவது. காலையில் ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் எண்ணெய், டயரின் காற்று, வாரந்தோறும் கிரீஸ், சக்கர நட்டுகளின் இறுக்கம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய லோரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளுக்கு இடமரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாத புதுப் பையன் பலங்கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே போய்ப் போல்ட்டை முறித்துவிடுவான். இதைப் புத்தகம் பார்த்துக் கற்றவர் குறைவு. திட்டு வாங்கிக் கற்றவரே அதிகம்.

பராமரிப்பு தவறினால் என்ன ஆகும்? பிரேக் எண்ணெய் குறைந்தபோது கைக்குக் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றுபவர் உண்டு. அந்த எண்ணெய் பட்டால் பிரேக்கினுள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். அன்று பிரேக் பிடிக்கலாம். அடுத்த வாரம் இறக்கத்தில் பிடிக்காது. பின்னால் நிற்பவை குலைகள் மட்டுமா? பல காலம் நம் ஆண்களும் பெண்களும் லோரியின் பின்தட்டில் நின்றுகொண்டே வேலைக்குப் போனார்கள். சரக்குக்குச் செய்த வண்டியில் மனிதரை ஏற்றியபோது, ஒரு சிறு அலட்சியத்துக்கும் விலை உயிராக இருந்தது.

பட்டறையில் இருப்பவர்களுக்கும் அபாயம் உண்டு. பழைய கனரக லோரியின் சக்கரம் ஒரே துண்டு அல்ல. டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் தனியாக இருக்கும். அது சரியாக அமராத நிலையில் காற்று அடித்தால், வளையம் பீரங்கிக் குண்டுபோல் தெறித்து எதிரே இருப்பவரைக் கொன்றுவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். எதிரே நிற்கக் கூடாது. அதேபோல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. கட்டையோ தாங்கியோ கொடுத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால், இன்றிரவே இந்த இரண்டையும் அவனிடம் சொல்லுங்கள்.

இந்தத் தொழில் நம்மவர்களுக்கு எப்படி வந்தது? முதலில் லோரியில் கிளீனர். மலாயில் கெலிண்டான் என்பர். வண்டி கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, டயர் மாற்றுவது அவன் வேலை. பிறகு ஓட்டுநர், அல்லது பட்டறையில் போமனின் கையாள். சீனர் பட்டறையில் ஒருவர், பொதுப்பணி இலாகாவில் ஒருவர், தோட்டத்து ஸ்டோரில் ஒருவர் என்று கண்ணால் பார்த்தே கற்றார்கள். 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பால்மரத்தை மட்டும் அறிந்திருந்த குடும்பங்கள் கலங்கி நின்றன. லோரியும் ஸ்பேனரும் அறிந்த மகன் இருந்த வீட்டுக்குப் பட்டணத்தில் ஒரு பிழைப்பு கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களைத் தோட்டத்திலிருந்து கரையேற்றிய தொழில் இது.

ஒரு குறை மட்டும் இருந்துவிட்டது. அவர்கள் கையில் காகிதம் இல்லை. முப்பது ஆண்டு எஞ்சின் பிரித்தவர்கூட, சான்றிதழ் எங்கே என்று கேட்டால் கையைத்தான் காட்ட முடிந்தது. சம்பளமும் அதற்கேற்றாற்போலவே இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து அதைப் பெறலாம். படிக்காமல் வேலையிலேயே கற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முன்னர் பெற்ற தேர்ச்சியை அங்கீகரிக்கும் முறை அது. தாம் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் அதைச் சோதித்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார்கள். திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

ஆதாரம் என்றால் என்ன? பார்த்த வேலையின் குறிப்பு, படம், பட்டறையாளரின் கடிதம் போன்றவைதான். இங்கேதான் நம் பழைய போமன்கள் தவறவிட்டதை இளையவர்கள் செய்ய வேண்டும். இன்று என்ன வண்டி வந்தது, என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தேன், எந்தப் பாகம் மாற்றினேன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு நாலு வரி எழுதி வைக்கட்டும். அது நாளைக்குச் சான்றிதழுக்கு உதவும். பேரப்பிள்ளைகளுக்கு வரலாறாகவும் நிற்கும்.

வீட்டில் முதியவர் ஒருவர் லோரி ஓட்டியவராகவோ பட்டறையில் இருந்தவராகவோ இருந்தால், அவர் சொல்வதையும் எழுதி வாங்குங்கள். எந்த ஆண்டு, எந்த வண்டி, எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியர் ஒரு காட்சிசாலை கட்டி வைத்த அறிவை, நாம் ஒரு நாற்பது பக்க நோட்டிலாவது வைத்துக் காப்பாற்றலாம்.